"அ = அ" செத்த வாக்கியமா? ஃப்ளோரென்ஸ்கியின் இரண்டாம் கடிதத்தில் நிற்கிறேன்

வகுப்பறைவேல் கேட்டது:

வணக்கம். மேல்நிலைப் பள்ளியில் கணிதம் எடுக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் தர்க்கப் பகுதி வரும்போது மெய் அட்டவணை போட்டு, எது மெய்மம், எது முரண்பாடு என்று காட்ட வேண்டும். ஒரு கூற்றையும் அதன் மறுப்பையும் "மற்றும்" போட்டு இணைத்தால் கடைசி நிரலில் மேலிருந்து கீழ்வரை "தவறு" என்றே விழும். பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு பிடிக்கும். சட்டென்று முடிந்துவிடும்.

எங்கள் வீட்டில் அப்பா வாங்கிவைத்த, மாஸ்கோவிலிருந்து வந்த முன்னேற்றப் பதிப்பக நூல்கள் இன்றும் இருக்கின்றன. ருஷ்யத் தத்துவம் என்றால் எனக்கு அவைதான். மெட்டாஃபிசிக்ஸ் என்ற சொல்லையே "இயக்க மறுப்பியல்" என்று அவற்றில்தான் முதலில் படித்தேன். சொலவியோவ், ஃபிராங்க், லோசெவ் போன்ற பெயர்கள் அந்த அலமாரியில் கிடையாது. அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, இந்தக் கோடை விடுமுறையில் ருஷ்யத் தத்துவவாதி பாவெல் ஃப்ளோரென்ஸ்கியின் "சத்தியத்தின் தூணும் ஆதாரமும்" நூலை ஆங்கில மொழிபெயர்ப்பில் எடுத்தேன். நூல் முழுவதும் கடிதங்களாக இருக்கிறது. இரண்டாம் கடிதத்திலேயே நின்றுவிட்டேன்.

அ = அ என்பது உயிரற்றது, வெறுமையானது என்கிறார். கணிதம் படித்த ஒருவர் இப்படிச் சொல்லலாமா? முன்னால் புரட்டிப் பார்த்தால் ஆறாம் கடிதத்தில், உண்மை என்பதே ஒரு ஆன்டினமி, அது வேறுவிதமாக இருக்கவே முடியாது என்கிறார். அதாவது கூற்றும் அதன் மறுப்பும் சேர்ந்தே நிற்கும் என்கிறார். அப்படியானால் நான் கரும்பலகையில் போடும் அட்டவணை என்ன ஆவது? பக்தியில் நெகிழ்ந்து எழுதியதா, கணக்குத் தெரிந்து எழுதியதா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

மின்காப்பு பதில்:

கணக்குத் தெரிந்துதான் எழுதினார், சார். 1900 முதல் 1904 வரை மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர். அவருடைய ஆசிரியர் நிகலாய் புகாயெவ், தொடர்ச்சியான சார்புகளை மட்டும் வைத்து உலகத்தை விளக்கிவிட முடியாது, இடையில் அறுந்து தாவும் சார்புகளும் வேண்டும் என்று வலியுறுத்திய கணிதர். படிப்பு முடிந்த அதே 1904-ல், கணக் கோட்பாட்டை உருவாக்கிய ஜெர்மன் கணிதர் கான்டரின் முடிவிலிகளைப் பற்றி ஃப்ளோரென்ஸ்கி ஒரு கட்டுரை வெளியிட்டார். ருஷ்ய மொழியில் கான்டரைப் பற்றி வந்த முதல் சில எழுத்துகளில் அதுவும் ஒன்று. பல்கலைக்கழகத்திலேயே தொடரும் வாய்ப்பு இருந்தது. அதை விட்டுவிட்டு செர்கியெவ் பொசாத் ஊரிலிருந்த இறையியல் அகாதமியில் மாணவராகச் சேர்ந்தார். 1911-ல் குருப்பட்டம். நீங்கள் படிக்கும் நூல் 1914-ல் வந்தது.

எனக்கு அவர் வேறு வாசல் வழியாக வந்தார். 1986-ல் மின்பொறியியல் படிக்க மாஸ்கோ போனேன். கிராஸ்னகசார்மென்னயா தெருவில் எங்கள் கல்லூரி. அதே தெருவில்தான் அனைத்து ஒன்றிய மின்தொழில்நுட்ப நிறுவனம். நான் எடுத்த பாடம் மின்காப்புப் பொருட்கள்: மைக்கா, பீங்கான், எண்ணெயில் ஊறிய காகிதம். ஒருநாள் பழைய நூல்பட்டியலைப் புரட்டும்போது மின்கடத்தாப் பொருட்கள் பற்றி 1924-ல் வந்த ஒரு நூல் கண்ணில் பட்டது. ஆசிரியர் பெயர் ஃப்ளோரென்ஸ்கி. யார் என்று எங்கள் ஆய்வகத்து மூதாட்டியிடம் கேட்டேன். கதவைப் பார்த்துவிட்டு, "பாதிரியார். அங்கியோடுதான் வேலைக்கு வருவாராம்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. 1990-ல் "தூண்" இரண்டு தொகுதிகளாக மறுபடி அச்சானபோது உதவித்தொகைப் பணத்தில் வாங்கினேன். அட்டை போய்விட்டது, நூல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அ = அ தவறு என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அது ஒரு காரணமாக நிற்காது என்கிறார். இரண்டும் வேறு.

அவர் கேட்பது இதுதான்: ஒரு கூற்றை உண்மை என்று எப்போது ஏற்கிறோம்? ஒன்று, அது நேராகத் தெரிகிறது. கண் முன்னால் இருக்கிறது, அதனால் இருக்கிறது. இல்லையென்றால், வேறொன்றிலிருந்து நிறுவுகிறோம். முதல் வழியில் "ஏன் அ?" என்று கேட்டால் "அ என்பதால்" என்று பதில் வருகிறது. கேள்வியையே திருப்பித் தருவதுபோல. இரண்டாவது வழியில் அ-வுக்கு ஆ காரணம், ஆ-வுக்கு இ காரணம், இ-க்கு ஈ. ஒருவர் வாங்கிய கடனுக்கு இன்னொருவர் ஜாமீன், அந்த ஜாமீன்காரருக்கு மற்றொருவர் ஜாமீன் என்று வரிசை நீள்கிறது. கையில் பணம் வைத்திருப்பவர் ஒருவர்கூட இல்லை. முதல் வழி முட்டுச்சுவர், இரண்டாவது வழி முடிவில்லாத பாதை. இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மனத்தின் தவிப்பைத்தான் அந்தக் கடிதம் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. அதை நான் விடுதி அறையில் உட்கார்ந்து படித்த இரவு நன்றாக நினைவிருக்கிறது. வெளியே பனி. பக்கத்துக் கட்டிலில் நண்பன் தூக்கம். நான் எழுந்துபோய் சமையல் அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு மிச்சத்தைப் படித்தேன்.

இப்போது "செத்தது" என்ற சொல்லுக்கு வருவோம். அ = அ என்று எழுதும்போது ஒரு பொருளை மற்ற எல்லாவற்றிலிருந்தும் வெட்டி எடுத்து, ஒரு கணத்தில் நிறுத்திவிடுகிறோம். மற்றது எதுவும் அல்ல என்பதுதான் அதன் இருப்பு முழுவதும். இதை மனிதர்மீது வைத்துப் பாருங்கள். வீட்டில் ஒருவர் "நான் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. நான் = நான். அதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதிலிருந்து எங்கேயும் போக முடியாது. ஃப்ளோரென்ஸ்கி செத்தது என்பது இந்த நிலையைத்தான்.

அப்புறம் ஒரு தாவல் வருகிறது. கான்டர் இல்லாமல் அந்த இடம் புரியாது. உண்மை என்று ஒன்று இருந்தால் அது நேராகவும் தெரிய வேண்டும், நிறுவப்பட்டதாகவும் இருக்க வேண்டும். அப்படியென்றால் முடிவில்லாத அந்தக் காரணச் சங்கிலி முழுவதும் ஒரே பார்வையில் முடிந்து நிற்க வேண்டும். 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டே போவது ஒருவகை முடிவிலி. எந்த இடத்திலும் "இன்னும் ஒன்று" பாக்கி. இயல் எண்கள் எல்லாவற்றையும் ஒரே கணமாக எடுத்துக்கொள்வது இன்னொரு வகை. நீங்கள் வகுப்பில் தினமும் செய்வது இரண்டாவது வகை. இயல் எண் கணம் என்று ஓர் எழுத்தை எழுதிவிட்டு மேலே போகிறீர்கள். அந்த இரண்டாவது வகை முடிவிலிதான் உண்மையின் வடிவம் என்கிறார். தன் காரணத்தைத் தானே சுமப்பது. அது ஒரு பொருளாக இருக்க முடியாது, ஆளாகத்தான் இருக்க முடியும்; அ தன்னை அ அல்லாததற்குக் கொடுத்து, அதனிடமிருந்து தன்னைத் திரும்பப் பெறுகிறது; அதைப் பார்த்து உறுதிசெய்ய மூன்றாமவர் வேண்டும். நான், நீ, அவர். இப்படியாக, ஒரே கடவுள் மூன்று ஆட்களாக இருக்கிறார் என்ற கிறிஸ்தவத் திரித்துவத்துக்கு வந்து சேர்கிறார்.

இதை ஏற்பதும் ஏற்காததும் உங்கள் விருப்பம். அவர் "இருந்தால்" என்றுதான் சொல்லிக்கொண்டு போகிறார். உண்மை இருக்கிறதா என்று தெரியாது, இருந்தால் அதன் கட்டமைப்பு இப்படித்தான் இருக்க வேண்டும். இது நிபந்தனைக் கூற்று, சார். நெகிழ்ச்சியில் எழுதுபவர் இந்த நிபந்தனையை வைக்கமாட்டார்.

இன்னொன்று. ருஷ்ய மொழியில் உண்மைக்கு "இஸ்தினா" என்று சொல். "இருக்கிறது" என்று பொருள்படும் "யெஸ்த்" என்ற சொல்லோடு அதைச் சேர்த்துப் பார்க்கிறார். கிரேக்கச் சொல்லில் மறவாமை, எபிரேயச் சொல்லில் நம்பத்தக்க உறுதி, ருஷ்யச் சொல்லில் இருப்பு. நம் "உண்மை"யும் உள் என்ற வேரிலிருந்து வந்ததுதானே? உள்ளது உண்மை. இந்தப் பகுதியை ஆங்கிலத்தில் படித்தால் ஏதோ சொல்லாராய்ச்சி மாதிரித் தெரியும். தமிழில் யோசித்துக்கொண்டே படியுங்கள், வேறு மாதிரி இருக்கும்.

நிறைமதி பதில்:

தர்க்கத்தில் ஆய்வு செய்கிறேன். மின்காப்பு ஐயா இரண்டாம் கடிதத்தை அழகாக விளக்கினார். ஆனால் வேல் சார் கேட்ட இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. எனக்கும் ஆறாம் கடிதத்தில்தான் சிக்கல்.

அங்கே அவர் குறியீட்டுத் தர்க்கத்தையே கையில் எடுக்கிறார். ஒரு கூற்றை மறுத்துப் பார்த்தால் அந்தக் கூற்றே வந்து சேர்கிறது என்றால், கூற்று நிறுவப்பட்டது. கூற்றை ஏற்றுப் பார்த்தால் அதன் மறுப்பு வந்து சேர்கிறது என்றால், மறுப்பு நிறுவப்பட்டது. இரண்டும் ஒரே கூற்றுக்கு நடந்தால் அது ஆன்டினமி. இதுவரை சரி. ஜெர்மன் தத்துவவாதி கான்ட்டும் இப்படி நான்கு காட்டினார். அறிவு தன் எல்லையை மீறிப் போனதால் வந்த கோளாறு என்று முடித்தார். ஃப்ளோரென்ஸ்கி அதைக் கோளாறு என்று சொல்லாமல் உண்மையின் இயல்பு என்கிறார்.

அதற்கு ஒரு விலை உண்டு. "இன்று செவ்வாய்" என்பதும் "இன்று செவ்வாய் அல்ல" என்பதும் இரண்டுமே மெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது மெய் என்பதால் "இன்று செவ்வாய், அல்லது காவிரி வடக்கே ஓடுகிறது" என்பதும் மெய். ஆனால் இன்று செவ்வாய் அல்ல. ஆகவே காவிரி வடக்கே ஓடுகிறது. மூன்றே வரி. ஒரு முரண்பாட்டை உள்ளே விட்டால் எல்லாக் கூற்றும் மெய்யாகிவிடும். கடவுள் ஒருவர், கடவுள் மூவர் என்று இரண்டையும் ஒரே பொருளில் ஏற்றால், கடவுள் பதினேழு பேர் என்றும் நிறுவலாம். பக்தர்களுக்கு இது உவப்பாக இருக்குமா?

அதே காலத்தில் ருஷ்யாவின் கசான் நகரில் தர்க்கவியலாளர் நிகலாய் வசீலியெவ் இதைத் தெளிவாகச் செய்தார் என்பது என் கருத்து. 1910 மே 18 அன்று கசான் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை. லொபச்சேவ்ஸ்கி இணைகோட்டு விதியை எடுத்துவிட்டு ஒரு வடிவியல் கட்டியதும் அதே கசானில்தான். அதைக் கற்பனை வடிவியல் என்று அவரே அழைத்தார். வசீலியெவ் முரண்பாட்டு விதியை எடுத்துவிட்டு "கற்பனைத் தர்க்கம்" கட்டினார். உடன்பாடு, எதிர்மறை, இரண்டும் சேர்ந்தது என்று மூன்று வகைக் கூற்றுகள், நான்காவது கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனமாகப் பிரித்தார். ஒரு பொருளில் எதிரெதிர்ப் பண்புகள் சேராது என்பது நம் உலகத்துக்கான விதி. வேறு உலகத்தில் அது மாறலாம். சொல்பவர் தான் சொன்னதையே மறுத்துக்கொள்ளக் கூடாது என்பது எந்த உலகத்திலும் மாறாது. இந்த வேறுபாடு ஃப்ளோரென்ஸ்கியிடம் இல்லை. முரண்பாட்டைத் தாங்கும் தர்க்கங்களை 20-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் கட்டியவர்கள் வசீலியெவைத்தான் முன்னோடி என்கிறார்கள்.

கடலோரம் பதில்:

நான் தத்துவம் படித்தவன் இல்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். விசுவாசப் பிரமாணத்தில் "தந்தையோடு ஒரே பொருளானவர்" என்று சொல்லுகிறோமே, அதுவும் இந்த நூலில் வருகிறதா? கிரேக்கத்தில் ஒரே ஓர் எழுத்துக்காக நான்காம் நூற்றாண்டில் பெரிய சண்டை நடந்தது என்று எங்கள் பங்குச் சாமியார் ஒருமுறை பிரசங்கத்தில் சொன்னார். நூல் தலைப்பு 1 தீமோத்தேயு 3:15 என்று பார்த்ததும் தெரிந்தது.

மின்காப்பு பதில்:

கடலோரம், நீங்கள் கேட்டதுதான் நடு நரம்பு. 325-ல் நிசேயாவில் கூடிய திருச்சபை மாமன்றம் ஏற்ற சொல் "ஒரே பொருளானவர்". எதிர்த்தரப்பில் சிலர் பிற்பாடு "ஒத்த பொருளானவர்" என்றார்கள். கிரேக்கத்தில் இரண்டுக்கும் இடையே இயோட்டா என்ற ஒரே எழுத்து. ஃப்ளோரென்ஸ்கி அந்த எழுத்தின்மேல்தான் ஏறி நிற்கிறார். இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்கள் ஒத்தவை. ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கொடுக்கலாம். பொருட்களிடையே நமக்குத் தெரிந்த "சமம்" எல்லாம் இந்த மாதிரி ஒத்திருப்பதுதான். இரு வேறு ஆட்கள் ஒத்திருக்காமல் ஒன்றாகவே இருப்பது வேறு வகை. அதற்கு நம் சமக்குறி போதாது. அந்த ஒரே சொல்லில் இரண்டு தத்துவங்கள் பிரிந்தன என்கிறார்: ஒத்த பொருள் என்பதிலிருந்து பொருட்களின் தத்துவம், ஒரே பொருள் என்பதிலிருந்து ஆட்களின் தத்துவம். நீங்கள் ஞாயிறுதோறும் சொல்லும் அந்த வரியை அவர் ஒரு தர்க்க விதியாகவே எடுத்துக்கொள்கிறார்.

நிறைமதி, உங்கள் எதிர்ப்பு நியாயமானது. மழுப்பாமல் பதில் சொல்கிறேன். அதே 1914-ல் எவ்கேனி துருபெத்ஸ்கோய் கிட்டத்தட்ட இதையே கேட்டார். அவரும் விசுவாசிதான், சொலவியோவின் நண்பர். முரண்பாடு நம் உடைந்த அறிவில் இருக்கிறது என்றால் ஏற்கிறேன். உண்மையிலேயே இருக்கிறது என்று எப்படிச் சொல்லலாம்? இயேசு உருமாறிய தாபோர் மலையின் ஒளி உடலை மட்டுமா உருமாற்றும், அறிவையும் குணமாக்கும் அல்லவா? இதுதான் அவர் கேள்வி. ஃப்ளோரென்ஸ்கியின் எழுத்தில் இரண்டு குரலும் கேட்கிறது. சில இடங்களில், மேலே ஒன்றாக இருப்பது நம் அறிவுக்குள் வரும்போது இரண்டாக உடைகிறது என்கிறார். வேறு இடங்களில் உடைவே உண்மை என்கிறார். நான் துருபெத்ஸ்கோய் பக்கம். முப்பது வருடங்களுக்குமேல் இந்த நூலோடு இருந்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இந்த இடத்தில் செம்யோன் ஃபிராங்க் எனக்குத் துணையாக வந்தார். 1915-ல் வந்த "அறிவின் பொருள்" என்ற நூல். வெள்ளைச் சுவரில் கரியால் ஒரு வட்டம் போடுங்கள். வட்டமும் வட்டமல்லாத இடமும் ஒரே நேரத்தில் பிறக்கின்றன. போட்ட பிறகு எந்தப் புள்ளியும் உள்ளேயோ வெளியேயோதான். அடையாள விதி, முரண்பாட்டு விதி, நடு விலக்கு விதி எல்லாம் அந்தக் கணம் முதல் செல்லும். ஆனால் போடுவதற்கு முன் அந்தச் சுவர் உள்ளேயா வெளியேயா? அந்தக் கேள்வியே எழாது. (சுவர் உவமை என்னுடையது, கருத்து அவருடையது.) ஒவ்வொரு கருத்தும் ஒரு முழுமையிலிருந்து வரைந்து எடுக்கப்பட்டது; அந்த முழுமை விதிகளை மீறவில்லை, விதிகளுக்கு முன்னால் நிற்கிறது. தர்க்கம் கடந்த ஒருமை என்று பெயர் வைத்தார். 15-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் சிந்தனையாளர் குசா நிக்கோலஸைத் தன் ஆசான் என்று சொல்லிக்கொண்டவர். 1922-ல் அவரையும் தத்துவவாதி பெர்தியாயெவையும் இன்னும் பலரையும் பெத்ரோகிராதிலிருந்து ஜெர்மன் கப்பலில் ஏற்றி நாட்டைவிட்டே அனுப்பிவிட்டார்கள்.

வேல் சார், முரண்பாடு போலத் தெரியும் ஒன்று உண்மையில் "இருக்கிறது" என்ற சொல்லைப் பற்றிய கேள்வியாக மாறுவதைப் பார்க்க வேண்டுமானால், கிரேக்கத்தில் உள்ள அதோஸ் மலையின் ருஷ்யத் துறவிகளின் கதைக்கு வர வேண்டும். என்னை இந்த ருஷ்யர்களோடு கட்டிப்போட்டது அந்தக் கதைதான்.

"ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவ குமாரனே, பாவியாகிய என்மேல் இரங்கும்." இந்த ஒரே வரியை மூச்சோடு சேர்த்து நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் அந்தத் துறவிகள். 1907-ல் இலாரியோன் என்ற முதிய துறவி "காக்கசஸ் மலைகளில்" என்று ஒரு நூல் எழுதினார். சொல்லிச் சொல்லி ஒரு கட்டத்தில் பெயருக்குள் கடவுளே இருக்கிறார் என்பது தெரிகிறது என்றார். அதைப் பிடித்துக்கொண்டு கடவுளின் பெயர் கடவுளே என்றார்கள் ஒரு சாரார். பெயர் வெறும் ஒலி, அதைக் கடவுள் என்பது விக்கிரக வழிபாடு என்றார்கள் மற்றவர்கள். 1913 மே மாதம் ருஷ்யத் திருச்சபையின் ஆளும் மன்றம் முதல் சாராரைக் கண்டித்தது. அந்தக் கோடையில் கடற்படைக் கப்பல் அதோஸுக்குப் போனது. புனித பந்தலேமோன் மடத்தில் துறவிகள் சிலுவைகளையும் திருவுருவப் படங்களையும் ஏந்தி வழியை மறித்து நின்றார்கள். படைவீரர்கள் குழாய்களால் தண்ணீர் பீய்ச்சி அவர்களை விரட்டினார்கள். 800-க்கும் மேற்பட்ட துறவிகளை ஒதெஸ்ஸாவுக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். ஒரு பயனிலையின் பொருளுக்காக, சார். எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே இருக்கும் உறவு என்ன என்ற கேள்விக்காக அந்தக் கிழவர்கள் நனைந்துகொண்டு நின்றார்கள்.

ஃப்ளோரென்ஸ்கி துறவிகளின் பக்கம். அவர் தரப்பு சொன்னதைச் சுருக்கினால்: கடவுளின் பெயர் கடவுள், ஆனால் கடவுள் பெயர் அல்ல. உங்கள் கரும்பலகையில் இதை எழுதினால் உடனே முரண்பாடு. இடப்பக்கமும் வலப்பக்கமும் சமம் என்றால் திருப்பிப் போட்டாலும் சமம்தானே? ஆனால் முதல் வாக்கியத்தில் இருப்பது சமக்குறியே இல்லை. நான் மின்சாரக்காரன், எனக்குத் தோன்றும் உதாரணம் இது: வெறும் கம்பியைத் தொட்டவன் தொட்டது மின்சாரத்தைத்தான். அதன் நிழலையோ படத்தையோ தொடவில்லை. அதற்காக மின்சாரம் என்றால் இந்த ஒரு முழம் கம்பி என்று யாரும் சொல்லமாட்டார்கள். 14-ஆம் நூற்றாண்டில் கிரேக்க இறையியலாளர் கிரெகோரி பலமாஸ் கடவுளின் சாரத்தையும் ஆற்றலையும் வேறுபடுத்தினார். ஆற்றலில் கடவுள் முழுதாக வருகிறார், சாரத்தில் எட்டாமல் இருக்கிறார். அந்த வேறுபாட்டைத்தான் இவர்கள் பெயருக்குப் பொருத்தினார்கள். லோசெவ் 1920-களில் இதை வரிவரியாக வகுத்து எழுதினார். 1922-ல் அவருக்குத் திருமணம் செய்துவைத்தவர் ஃப்ளோரென்ஸ்கிதான். 1930-ல் கைதாகி, வெண்கடல் கால்வாய் முகாமுக்குப் போய், பார்வையை ஏறக்குறைய இழந்தார் லோசெவ்.

மொழி தெரிந்தவன் என்பதால் இதையும் சொல்கிறேன். ருஷ்ய மொழியில் "இவர் ஆசிரியர்" என்று சொல்ல வினையே வேண்டாம், தமிழைப் போலத்தான். சாதாரணப் பேச்சில் "யெஸ்த்" வராது. இந்த வாக்கியத்தில் மட்டும் அதை வேண்டுமென்றே வைத்தார்கள்: கடவுளின் பெயர் "யெஸ்த்" கடவுள். உண்மை என்ற சொல்லுக்குள் இருக்கிறது என்று ஃப்ளோரென்ஸ்கி காட்டிய அதே சொல்.

வகுப்பறைவேல் பதில்:

இரண்டு நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அட்டவணை வட்டம் போட்ட பிறகான சுவருக்கு என்று எடுத்துக்கொண்டால் எனக்குத் தடை இல்லை. நிறைமதி சொன்ன மூன்று வரியும் அப்படியே நிற்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மாஸ்கோ கணிதர்கள் சிலர் இந்தப் பெயர் வழிபாட்டில் இருந்தார்கள், அதனால்தான் அங்கே கணக் கோட்பாடு வளர்ந்தது என்று ஓரிடத்தில் படித்தேன். உண்மையா?

நிறைமதி பதில்:

இருந்தார்கள் என்பது உண்மை. "அதனால்தான்" என்பதை நான் ஏற்கவில்லை. லூசின் ஃப்ளோரென்ஸ்கியின் நண்பர், பாரிஸிலிருந்து மனம் உடைந்து அவருக்குக் கடிதம் எழுதியவர். யெகோரவ் ஆழ்ந்த விசுவாசி. ஆனால் 1911-ல் யெகோரவ் நிறுவிய தேற்றத்தைப் படிக்க எந்த ஜெபமும் தேவையில்லை. லூசினின் மாணவர் சூஸ்லின் 1916-ல் பிரெஞ்சுக் கணிதர் லெபேக்கின் கட்டுரையில் ஒரு பிழையைப் பிடித்து, அதிலிருந்து புதிய வகைக் கணங்களையே கண்டெடுத்தார். அது கூர்மையான வாசிப்பின் பலன். ஒரு கணத்துக்குப் பெயர் கொடுக்க முடிந்தால்தான் அது இருக்கிறதா என்ற கேள்வி அப்போது பாரிஸிலும் ஓடிக்கொண்டிருந்தது, அங்கே யாரும் அதோஸ் துறவிகளைப் பின்பற்றவில்லை. நம்பிக்கை அவர்களுக்கு முடிவிலியைப் பார்த்துப் பயப்படாத துணிச்சலைக் கொடுத்திருக்கலாம். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

யெகோரவ் 1930-ல் கைதாகி, 1931-ல் கசானில் இறந்தார். ஆர்ஸ்கோயே கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். லொபச்சேவ்ஸ்கியும் அங்கேதான். வசீலியெவும் அதே ஊரில் 1940-ல், மனநல மருத்துவமனையில். இந்தப் பக்கத்தை எழுதும்போதெல்லாம் எனக்குக் கை நின்றுவிடும்.

ஐயா, பெயர் விஷயத்தில் உங்கள் விளக்கத்தை ஏற்கிறேன். அங்கே முரண்பாடே இல்லை, ஒரு சொல்லின் இரண்டு பயன்கள் இருக்கின்றன. ஆறாம் கடிதத்தில் என் எதிர்ப்பு மாறவில்லை.

மின்காப்பு பதில்:

மாற வேண்டாம், நிறைமதி. துருபெத்ஸ்கோயும் கடைசிவரை மாறவில்லை.

வேல் சார், அடுத்து ஆறாம் கடிதத்தோடு நிறுத்தாமல் நட்பைப் பற்றிய பதினோராம் கடிதத்துக்குப் போங்கள். "நான் = நான்" எங்கே உடைகிறது என்று அங்கேதான் தெரியும். நூல் முழுவதும் ஒரு நண்பருக்கு எழுதும் கடிதங்களாக இருக்கிறதே, அது வெறும் உத்தி இல்லை. அகாதமியில் கூடவே இருந்த நெருங்கிய நண்பர் 1910-ல் இறந்துவிட்டார். முதல் கடிதத்தில் இலையுதிர் காலம், காலியான அறை. திரும்பப் போய்ப் படித்துப் பாருங்கள்.

அவர் முடிவும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1933-ல் கைது, பத்து ஆண்டு தண்டனை. தூரக் கிழக்கில் ஸ்கவரோதினோ நிலையத்தில் உறைநில ஆய்வு. 1934-ல் சொலவ்கி தீவு முகாம். அங்கே கடற்பாசியிலிருந்து அயோடினும் அகர் அகரும் எடுக்கும் முறைகளை உருவாக்கினார். அந்த வேலைக்காகப் பல கருவிகளை அவரே வடிவமைத்தார். பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்களில் படிகங்கள், செடிகள், கணக்கு. 1937 டிசம்பர் 8 அன்று லெனின்கிராத் அருகே சுட்டுக் கொன்றார்கள். குடும்பத்துக்குக் கொடுத்த சான்றிதழில் 1943 என்று பொய்த் தேதி. நான் படித்த தெருவில் வேலை பார்த்த ஒரு பொறியாளரின் இறந்த தேதியை அவருடைய பிள்ளைகள் பல பத்தாண்டுகள் தவறாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வகுப்புக்கு ஒன்று வேண்டுமென்றால் பின்னிணைப்பைப் பாருங்கள். லூயிஸ் கரோலின் முடிதிருத்தகப் புதிரை எடுத்துக் குறியீட்டில் தீர்த்திருக்கிறார். கடையில் மூன்று பேர்: ஆலன், பிரவுன், கார். எப்போதும் ஒருவராவது கடையில் இருக்க வேண்டும். ஆலன் வெளியே போனால் பிரவுனையும் கூட்டிக்கொண்டுதான் போவான். இப்போது கார் வெளியே போய்விட்டான் என்று வையுங்கள். ஆலனும் போனால் பிரவுன் கடையில் இருந்தாக வேண்டும். ஆனால் ஆலன் போனால் பிரவுனும் போயிருப்பான். முரண்பாடு வந்துவிட்டது, ஆகவே கார் வெளியே போகவே முடியாது என்கிறார் கதையில் வரும் மாமா. மாமா சொல்வது சரியா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.

வகுப்பறைவேல் பதில்:

பள்ளி திறந்ததும் முதல் வாரமே கொடுத்துவிட்டேன், ஐயா. முதல் பத்து நிமிடம் எல்லோரும் மாமா பக்கம். கரும்பலகையில் இரண்டு நிபந்தனைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்திருந்தேன். "ஆலன் போனால் பிரவுன் உள்ளே", "ஆலன் போனால் பிரவுன் வெளியே". இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர், எப்படி இரண்டும் மெய்யாகும் என்று முன்வரிசைப் பையன் சண்டைக்கே வந்துவிட்டான்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பொதுவாக வாய் திறக்காதவள். "சார், ஆலன் போகவே வேண்டாமே. அவன் கடையில உக்காந்திருந்தா ரெண்டும் சரிதான். கார் எங்க வேணா போகட்டும்" என்றாள்.